ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்த டிஎன்ஏ

அயோடின் வாசனை... கொஞ்சம் ஆஸ்பத்திரி, கொஞ்சம் துரு. எவ்வளவு கழுவினாலும் விரலிடுக்கில் பழுப்பு போகாது. அந்தக் கையால்தான் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மருதாணியா என்று கேட்பார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி லேப். ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது நானும் ஷமீமும் மட்டும். என் அப்பா அம்மா கரும்பு வெட்டப் போகிறவர்கள். அவளுடைய அத்தாவுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூல்டிரிங்க்ஸ் கடை.

கல்வராயன் மலையில் ஒரு மரவள்ளித் தோட்டத்து மண்ணில் கிடைத்த பாக்டீரியா எங்களுடையது. அதன் ஒரு புரதம் மாவுச்சத்தை உடைக்கும். ஆனால் சூடு பட்டால் உருக்குலைந்துவிடும். ஜீனில் ஓரிரண்டு எழுத்தை மாற்றினால் புரதத்தின் வடிவம் எப்படி மாறும், சூடு தாங்குமா... அதுதான் எங்கள் கேள்வி.

மாற்றினோம். மாற்றிக்கொண்டே இருந்தோம்.

ஒன்று வேலையே செய்யாது. இன்னொன்று பழையபடியே இருக்கும். "வேற டாபிக் பாக்கலாமா?" என்று எங்கள் கைடு மேடம் கேட்க ஆரம்பித்திருந்தார்.

ஷமீம் யோசித்த ஒரே ஒரு மாற்றம் மிச்சம் இருந்தது. புரதம் வேலை செய்யும் இடத்திலிருந்து தள்ளி, தொளதொளவென்று இருக்கும் ஒரு வளைவில்.

"ஆடிக்கினு கீற எடத்த இறுக்கிப் பாக்கலாம்டி" என்றாள்.

அந்த டிஎன்ஏ தயாரான வாரம்தான் லேப் ஃப்ரீசர் நின்றுபோனது. நல்ல கோடை. இத்தனை நாள் உழைப்பும் உள்ளே... ஐஸ் உருகிச் சொட்டுகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஷமீம் போனை எடுத்தாள்.

"அத்தா... ஐஸ்கிரீம் பெட்டிய காலி பண்ணித் தர்றீங்களா?"

தெர்மகோல் டப்பாவோடு ஆட்டோவில் போய் இறங்கினால், கடை வாசலில் ஒரே கூட்டம். போகிற வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அத்தா கப் ஐஸைச் சும்மாவே கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, வியாபாரம் போச்சுங்களே?" என்றேன்.

"அது நாளைக்கும் கீதும்மா. உங்களுது கெட்டுப்போனா திரும்பி வருமா? நின்னுக்கினு இன்னா பாக்குற, உள்ள வையி."

அதன்பிறகு ஐஸ்கிரீம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "உள்ள டிஎன்ஏ கீது, தொறக்கக் கூடாது" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினாராம்.

ஃப்ரீசர் சரியான பிறகு அந்த டிஎன்ஏவை வைத்துப் புரதத்தை உண்டாக்கினோம். பழையதையும் சேர்த்துச் சூடாக்கினோம். மாவுச்சத்துத் தட்டில் ஒரு பக்கம் பழைய புரதம், மறுபக்கம் ஷமீமுடையது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அயோடினை ஊற்றினோம். மாவுச்சத்து உடையாத இடமெல்லாம் நீலமாகும். தட்டு முழுக்கக் கருநீலம். பழையது இருந்த இடமும் அதே நீலம்.

அவளுடையதைச் சுற்றி மட்டும்... தெளிவாக ஒரு வட்டம்.

"ஏய்... தாங்கிடுச்சிடி!"

நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. மேடத்துக்கு முன்னால் அத்தாவுக்குத்தான் போன் போனது. "நம்ம பொட்டி ராசிம்மா" என்றார்.

இப்போது எனக்கு பெங்களூரில் ஒரு கம்பெனியில் கிட்டத்தட்ட அதே வேலை. வடிவத்தை கம்ப்யூட்டரே வரைந்து காட்டுகிறது. வேண்டிய மாற்றத்தை டைப் செய்து அனுப்பினால் ஜீன் கூரியரில் வருகிறது. ரிசல்ட் ஸ்கிரீனில் ஓர் எண்ணாக நிற்கிறது.

போன வாரம் ஒன்று, நினைத்ததைவிட நன்றாக வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்போனில் இருந்தார். ஷமீம் கனடாவில்... தூங்கிக்கொண்டிருப்பாள். "வந்துடுச்சிடி" என்று மெசேஜ் அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போனேன்.

சாயங்காலம் பதில் வந்தது.

"இன்னாடி வந்துச்சு?"

அப்போதெல்லாம் அவள் கேட்க வேண்டியிருக்காது... பக்கத்தில்தான் நின்றிருப்பாள்.