சங்கு ஊதியதும் நின்ற கோலாட்டம்

என் மனைவிக்கு மறதி முற்றிக்கொண்டே வந்தது. ஒருநாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "எங்க ஊடு எது?" என்று கேட்டுவிட்டாள். டாக்டர் சொன்னார்: "குணமாயிடும்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா ஆட விடுங்க. பாட்டைக் கேக்கணும், அடியை ஞாபகம் வெச்சுக்கணும், எதிர்ல நிக்கறவங்களைப் பாக்கணும். மூளைக்கு நல்ல வேலை."

அதனால் இருவரும் கோலாட்டத்தில் சேர்ந்தோம். பட்டாபிராமில் எங்கள் குடியிருப்புக் கூடத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. மொத்தம் ஆறு ஜோடி. ஆண்கள் ஆறு பேரும் பக்கத்திலிருக்கும் ஒரே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்கள். எட்டுத் தட்டு முடிந்ததும், உள்வட்டத்து ஆண்கள் அப்படியே நிற்க, வெளிவட்டத்துப் பெண்கள் ஓர் ஆள் தள்ளிப் போக வேண்டும். அங்கேதான் அவள் மறந்து நின்றுவிடுவாள்.

நான் பொறுமைசாலி அல்ல. "நகரு, நகரு" என்று எல்லோர் முன்னாலும் கத்துவேன். கத்தினால் இன்னும் குழம்புவாள். தெரிந்தும் கத்துவேன்.

போன வாரம் அவள் கோல் ஒருவரின் விரலைப் பதம் பார்த்துவிட்டது. கோலாட்ட டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு தடவை பாக்கலாம் சார். மறுபடி நின்னுட்டாங்கன்னா, அவங்க உக்காந்து பாக்கட்டும்."

உட்கார்ந்து பார்ப்பதைத்தான் அவள் வீட்டில் நாள் முழுக்கச் செய்கிறாள்.

மறுநாள் மாலை கூடத்தில் யாருக்கோ வளைகாப்பு. பயிற்சியை நாலு மணிக்கே வைத்துவிட்டார்கள். முதல் சுற்றில் நகர்ந்தாள். இரண்டாவதிலும் நகர்ந்தாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு அவள் காலையே பார்த்தேன். டீச்சரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டின் வேகம் கூடியது.

நாலரைக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது.

ஆண்கள் ஆறு பேரும் நின்றுவிட்டோம். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழித்தும், ஷிப்ட் முடிந்ததென்று கை தானாக இறங்கிவிட்டது. ஒருவர் டிபன் பையைக்கூடத் தேடினார். மற்றப் பெண்கள் ஆட்டத்தை விட்டுச் சிரித்தார்கள்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் காற்றில் எட்டுத் தட்டையும் முடித்து, நகர்ந்து, என் முன்னால் வந்து கோலை நீட்டினாள். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். கோபமோ குழப்பமோ வந்தால் அந்த ஊர்ப் பேச்சுதான் வரும்.

"இன்னாங்க, சொம்மா நின்னுகினு கீறீங்க? அடிங்க!"

அடித்தேன். எனக்குத் தாளம் தப்பியது.

பாட்டு முடிந்ததும் டீச்சர் சிரித்தார். "அம்மா ஆடட்டும். சாரை உக்கார வெச்சுடலாமா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் பார்ப்பதற்குள் நானே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.