பெர்பெத்துவாவின் பச்சைச் செடிகள்

பெர்பெத்துவாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தெருவில் தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்ற நாளிலேயே, வேகிற பானையை நாலைந்து தடவை திறந்து பார்த்து வேகவிடாமல் அடிப்பாள். மழைக்காலத்தில் கணவன் நபோர் இறந்தபின் அந்தப் பரபரப்பு கட்டுக்கடங்காமல் போயிற்று.

நபோர் விட்டுப்போனது சோச்சிமில்கோ வாய்க்கால் கரையில் ஒரு பசுமைக்குடில், அது நிறைய, குளிர் வந்தால் உச்சி இலைகள் பூப்போலச் சிவக்கும் நோச்சேபுயேனாச் செடிகள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எங்கள் பேட்டைத் தேவாலயப் பீடம் அந்தச் செடிகளால் சிவக்க வேண்டும். இந்த வருடம் அது நபோரின் முறை. வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கச் சொன்ன பெரியவர்களிடம், "அவரு ஏத்துக்கிட்டது. நான் முடிக்கிறேன்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்குச் செய்து காட்ட வேண்டுமே.

நவம்பர் பிறந்து கல்லறைத் திருநாள் வந்தது. அக்கம்பக்கத்துக் குடில்களில் உச்சி இலைகள் சிவக்கத் தொடங்கின. இவளுடையவை பச்சைப் பசேலென்று நின்றன. உரத்தை மாற்றினாள். தண்ணீரைக் குறைத்தாள், மறுநாளே கூட்டினாள். தூக்கம் பிடிக்காத இரவுகளில் எழுந்துபோய், விளக்கைப் போட்டுக்கொண்டு இலை இலையாகத் திருப்பி வெள்ளை ஈ தேடினாள். அவளுக்குத் தூக்கம் பிடித்த இரவு எது?

நபோரின் தங்கை செனோவியாவும் செடி வளர்ப்பவள்தான். வந்து ஓர் இலையைக் கிள்ளிப் பால் வடிவதைப் பார்த்தாள்.

"நோவு ஒண்ணும் இல்ல அண்ணி. இவ்வளவு தளதளன்னு நான்கூட வளத்ததில்ல. கழுதைக்குப் போடலாம்."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று பெர்பெத்துவா குவளையை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். போனவள் திரும்பவில்லை. அங்கே, அவள் மறந்தேபோன மூன்று செடிகள், தொட்டிக் கசிவில் பிழைத்து, தூசி படிந்து, தலை சிவந்து நின்றன.

"இதுங்களுக்கு நான் ஒண்ணுமே செய்யலையே" என்றாள், அழாத குறையாக.

செனோவியா செடிகளைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், மேலே தொங்கிய பல்பைப் பார்த்தாள்.

"ராத்திரி வெளக்குப் போடுறியா அண்ணி?"

"தூக்கம் வரலேன்னா."

"தெனமுமா?"

பெர்பெத்துவாவும் நிமிர்ந்து பல்பைப் பார்த்தாள்.

"இதுக்கு நீள ராத்திரி வேணும். நடுவுல வெளிச்சம் பட்டா, இன்னும் காலம் வரலேன்னு பச்சை இலையாவே விட்டுக்கிட்டிருக்கும். தொட்டி மறைவுல இருந்ததுக்கு நீ வந்து போனதே தெரியல."

பொழுது சாய்ந்தபின் யாரையும் குடிலுக்குள் விடாமல் நபோர் விரட்டுவான். உள்ளே மெஸ்கால் சாராயப் புட்டியை ஒளித்து வைத்திருக்கிறான் என்று காலம் பூராவும் சண்டை போட்டிருக்கிறாள் இவள்.

"இன்னும் நேரமிருக்கா?"

"ஒரு ராத்திரி விடாம இருட்டுல கெடந்தா இருக்கு. மட்டுமட்டாத்தான். பல்பைக் கழட்டிக் குடு."

"பல்பு கடையில வேற கெடைக்கும். என்னைக் கட்டிப் போடு."

செனோவியா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணி வீட்டு வாசற்படியை மறித்துப் படுத்தாள். எழுந்து போக வழியில்லாமல், நபோர் படுத்த பக்கத்தைப் பார்த்தபடி கிடந்தாள் பெர்பெத்துவா. கணவன் செத்து அடக்கம் ஆனபோதுகூட அழ நேரமில்லாமல் ஓடியவள், அப்போதுதான் அழுதாள். வாரக்கணக்கில் அழுதாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பீடம் சிவந்துதான் இருந்தது. ஓரத்துச் செடிகள் மட்டும் பாதிப் பச்சை. என்ன போட்டு வளர்த்தாய் என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

"ஒண்ணும் போடல. பேசாம படுத்துக் கெடந்தேன்" என்றாள்.

அழுததைச் சொல்லவில்லை. செனோவியாவும் சொல்லவில்லை.