குங்குமம் இல்லாத தாம்பூலம்

ஆடுகோடியில் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். ஆறு வீட்டிலும் வரமகாலட்சுமி நோன்பு உண்டு. ஆறு வீட்டு அம்மனுக்கும் புடவை கட்டியது ஒரே ஆள்தான், மூன்றாம் வீட்டுத் தமயந்தி. முக்காலிமேல் அரிசி நிரப்பிய கலசம், குறுக்கே ஒரு குச்சி, அதன்மேல் முழுப் பட்டுப்புடவை. கத்தரி படாமல், ஊசித் தடம் தெரியாமல், மறுவாரம் நாம் எடுத்து உடுத்தும்படி மடிப்பு வைப்பாள். நானும் கட்டிப் பார்த்திருக்கிறேன். என் அம்மன் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி நிற்பாள்.

அவள் கதையைச் சொன்னால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும், எத்தனை நாளைக்கு மூடி வைப்பது?

அவள் புருஷன் சண்முகம் ஒரு மெஷின் தொழிற்சாலையில் இருந்தார். 1993 தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, சந்தாபுராவில் வீடு கட்ட சைட் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறியவர் திரும்பவே இல்லை. போலீஸ், ஜோசியம், தர்கா மந்திரிப்பு, எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று வயது மகன் யுவனை மடியில் போட்டுக்கொண்டு, ஊரார் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தே தமயந்தி வருஷங்களை ஓட்டினாள். நெற்றியில் பொட்டு மட்டும் ஒரு நாளும் சின்னதாகவில்லை.

ஏழு வருஷம் முடிந்ததும் முதல் வீட்டு வித்யாலட்சுமி ஒரு யோசனையோடு வந்தாள்.

"ஏழு வருஷம் ஆளப் பத்தித் தகவலே இல்லன்னா, செத்ததா கோர்ட்டே எடுத்துக்கும்டி. எங்கண்ணன் தேசிகன் வக்கீல்தானே, அவரு பாத்துக்குவாரு. வாரிசு வேலை உனக்கு வந்துடும்."

"அவரு இருக்காருக்கா. செத்துட்டாருன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"வெறும் பேப்பர்தானே! பேப்பர்ல செத்தா ஆளு செத்துடுவானா?" இதைச் சொன்னது நான். கோமளம் என்ற இந்தப் புண்ணியவதி.

ஒரு மாதம் அழுதாள். பிறகு, யுவனைப் படிக்கவைக்க வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கூண்டில் ஏறி, "ஏழு வருஷமா ஒரு கடுதாசிகூட வரலைங்க" என்று சொன்னதும் நானேதான். 2002 ஜூனில் தீர்ப்பு வந்தது, அடுத்த மாதமே வேலையும் வந்தது. தீர்ப்பு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, நோன்புக்கு என்னைக் கூப்பிடுவீங்கதானே? எனக்குக் குங்குமம் குடுப்பீங்கதானே?"

"அட பைத்தியமே, உனக்குக் குடுக்காம வேற யாருக்கு?" என்றேன். கையைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் நோன்பு வந்தது. வியாழக்கிழமை காலை வித்யாலட்சுமி என் சமையலறைக்கே வந்து நின்றாள். "இன்னிக்கு வந்து புடவையக் கட்டிட்டுப் போகட்டும். நாளைக்குக் குங்குமம் குடுக்கறது மட்டும் வேணாம். கோர்ட்டே சொல்லிடுச்சே, இனிமே அவ எப்படி சுமங்கலி? உன் பொண்ணுக்கு வேற இது தலை நோன்பு, பாத்துக்கோ."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது இதுதான். 'போடி, உன் அண்ணன் வாங்கிக் கொடுத்த தீர்ப்புதானே' என்று கேட்டிருக்க வேண்டும். மே மாதம்தான் என் மகள் அனுஷாவுக்குக் கல்யாணமாகியிருந்தது. பயந்துவிட்டேன். வெட்கங்கெட்ட பயம்.

அன்று மாலை தமயந்தி வந்து, அனுஷாவின் முகூர்த்தப் புடவையை அம்மனுக்கு அப்படி அழகாகக் கட்டினாள். நான் காபி கொடுத்தேன். நாளைக்குக் குங்குமம் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கூடம் நிறையப் பெண்கள். சாருமதியின் கனவில் லட்சுமி வந்து நோன்பு இருக்கச் சொன்ன கதையை நானே படித்தேன். சாருமதி ஊர்ப் பெண்களையெல்லாம் கூப்பிட்டாள் என்றுதான் கதையில் இருக்கிறது. யாரையாவது விட்டாள் என்று இல்லை. படித்துக்கொண்டிருந்தபோதே தமயந்தி வந்தாள். வேலையிலிருந்து வந்து குளித்து, பச்சைப் புடவை கட்டி, பொட்டு வைத்திருந்தாள்.

வரிசையாக எல்லோருக்கும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். அவள் முறை வந்ததும் தட்டை மட்டும் நீட்டினேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சுண்டல், ரவிக்கைத் துணி எல்லாம் இருந்தன. குங்குமச் சிமிழ் என் இடது கையிலேயே இருந்தது.

தட்டைப் பார்த்தாள், சிமிழைப் பார்த்தாள், தட்டை வாங்கவில்லை. அம்மனிடம் போய், சரிந்திருந்த ஒரு மடிப்பை நீவிவிட்டாள். காலடியிலிருந்து ஒரு சிட்டிகைக் குங்குமம் எடுத்தாள். தன் நெற்றிக்குத்தான் என்று நினைத்தேன். அதை அனுஷாவின் நெற்றியில் வைத்தாள்.

"தீர்க்க சுமங்கலியா இரும்மா."

பின்னாலிருந்து யாரோ "ஐயையோ" என்றார்கள். அவ்வளவுதான், என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. முந்தானையை எடுத்து அனுஷாவின் நெற்றியை அழுத்தித் துடைத்தேன். தமயந்தி வைத்ததும் போயிற்று, காலையில் அவளே வைத்துக்கொண்டதும் போயிற்று.

வித்யாலட்சுமிதான் முதலில் வாய் திறந்தாள். "அடிப்பாவி கோமளம்! நோன்பும் அதுவுமா, கல்யாணமான பொண்ணு பொட்டை அழிச்சிட்டியேடி!"

அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. அனுஷா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

தமயந்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். "ஒம்பது வருஷமா என் நெத்தியில கை வைக்க யாருக்கும் தைரியம் வரலக்கா. அதை உங்க பொண்ணுக்கு நீங்களே செஞ்சிட்டீங்களே," என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனாள். போகும்போது மற்ற நான்கு வீட்டிலும் சொல்லிக்கொண்டாள். இப்போதும் பொட்டு வைத்துக்கொள்கிறாளாம். என் மருமகனுக்கு ஒரு குறையும் வரவில்லை, குண்டுக்கல் மாதிரி இருக்கிறார்.

அம்மனுக்குப் புடவையை நானே கட்டுகிறேன். அனுஷா வருஷா வருஷம் நோன்புக்கு வருகிறாள், சிரிக்கிறாள், சாப்பிடுகிறாள். குங்குமம் வைக்க நான் கை நீட்டும்போது மட்டும் சிமிழை வாங்கிக்கொள்கிறாள்.

"குடும்மா, நானே வெச்சுக்கறேன்."