செம்மண் நிற நாய்களும் என் மகனின் காதுகளும்

புத்தூர்த் தோட்டங்களுக்கு நடுவே பிறந்த அப்பா, இடம்பெயர்ந்திருந்த காலம் தவிர, அங்கேயே வெங்காயம் செய்து வாழ்ந்தார். இடப்பெயர்விலும் சைக்கிள் கரியரில் ஒரு பெட்டை நாய்க்குட்டியைக் கொண்டுபோனவர் என்பார்கள். எங்கள் நாய்களெல்லாம் அதன் வழி வந்தவை. செம்மண் நிறம்; பிள்ளைகளைக் கடிக்காது, தோட்டத்தை விட்டு அகலாது. அக்குணம் மாறிவிடக் கூடாதென்று, வெளிநாய் சேர்க்காமல் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே அப்பா இணைசேர்த்து வந்தார்.

குட்டி கேட்டு இணுவிலிலிருந்து வந்த ஒருவர், "எல்லாம் ஒரே முகமாக் கிடக்கு, அண்ணை. கூப்பிட்டா எது வரும்?" என்று கேலி செய்தார்.

"எது வந்தாலும் பிழையில்லை" என்றார் அப்பா.

நான் கருவுற்றிருந்தபோது பிறந்த குட்டிகளில் இரண்டு, எப்படிக் கூப்பிட்டும் திரும்பவில்லை; காது கேட்கவில்லை. இரத்தம் நெருங்கிவிட்டது என்று சொன்ன அப்பா, அவற்றை யாருக்கும் கொடுக்காமல் தானே வளர்த்தார். என் பயம் அன்று தொடங்கியது. என் கணவர் அப்பாவின் தங்கை மகன். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று அப்பாவே செய்துவைத்த கல்யாணம்.

மகன் பிறந்தபின், அவன் காணாத இடத்தில் நின்று கோப்பையில் கரண்டியால் தட்டுவேன். சிலவேளை திரும்புவான், சிலவேளை இல்லை. தட்டியது போதாதோ, பலமாகத் தட்டி நானே காதைக் கெடுக்கிறேனோ என்று அதற்கும் பயம். அப்பா கண்டுவிட்டார்.

"நாய்க்கு நான் தலைமுறை தலைமுறையாச் செய்தனான், பிள்ளை. உங்களுக்கு ஒருக்காத்தானே" என்றார். கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "எனக்கும் பயந்தான். வா, கொண்டுபோய்க் காட்டுவம்."

மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப்போனார். முதற்சோதனையில் தெளிவில்லை, மீண்டும் வரச் சொன்னார்கள். வீடு திரும்பிய அப்பா, இணைசேர்க்க வேறிடத்துக் கடுவன் நாயொன்றைத் தேடிக் கொண்டுவந்தார். மறுசோதனைக்கு முன்பே மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

இறுதிக் கிரியையன்று முற்றத்தில் பறைமேளம் தொடங்கியதும், கையிலிருந்த மகன் திடுக்கிட்டு அழுதான். பிள்ளையை உள்ளே கொண்டுபோகச் சொன்னார், என் கணவரின் தாயான மாமி. நான் அசையவில்லை. காதில் கேட்டு அழுகிறானா, நெஞ்சில் அதிர்ந்து அழுகிறானா?

பாடை ஒழுங்கைப் பாதையின் வளைவில் மறைந்தது. பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றோம். மேளம் சற்று ஓய்ந்தது. மகனும் அழுகை அடங்கி என் தோளில் கிடந்தான். பிறகு தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மேளம் மீண்டும் எழுந்தது. அவன் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் திரும்பினான்.

"அப்பா" என்று கூப்பிட வாய் திறந்தேன். அவரைத்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

மறுசோதனை இன்னும் முடியவில்லை; என் பயமும் முழுதாக விடவில்லை. இதை அப்பாவின் இந்த நினைவு மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். "எழுது, பிள்ளை. எங்கடை ஆக்களும் யோசிக்கட்டும்" என்றார் மாமி.

துயரில் தோள்கொடுத்த உறவினர்க்கும், அடுப்பெரியாத எம் வீட்டுக்கு உணவு தந்த அயலவர்க்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. வளைவு தாண்டியும் மேளத்தை முழக்கிச் சென்றவர்களே, உங்களுக்கு என் மகனின் பெயரால் நன்றி.