ஏழு சிதைவுகளும் ஒரு பேட்டரியும்

எங்கள் கல்லூரிக்கு நியூட்ரினோ ஜுரம் கண்டது இரண்டாயிரத்துகளின் நடுவில். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அதே கல்லூரியில், என் மகள் இயற்பியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சில அணுக்கருக்கள் அபூர்வமாகச் சிதையும்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள் வெளியே வராமலே போகிறதா என்பதுதான் அவள் கேள்வி. உலகத்தில் யாரும் உறுதியாகப் பார்க்காத அந்தச் சிதைவை, புதுச்சேரியில், மாடிப்படிக்குக் கீழே, நாற்பத்தெட்டு ஈயக் கட்டிகளுக்கு நடுவில் வைத்த ஒரு கருவியால் பிடித்துவிடலாம் என்று முதல்வர் நம்பினார். கட்டிகளை நான் எண்ணினேன். நாற்பத்தேழுதான்.

கருவியில் பதிவாகும் துடிப்புகளில் எது வேண்டியது, எது குப்பை என்று பிரிக்க, மகள் கணினிக்குப் பாடம் நடத்தினாள். குப்பைக்குக் கருவியின் பழைய பதிவுகளைக் காட்டினாள். வேண்டியதைத்தான் யாரும் பார்த்ததில்லையே. அதைக் கணினியிலேயே வரைந்து காட்டினாள். நன்றாகப் படித்த கணினி சீக்கிரமே ஏழு சிதைவுகளைக் கண்டுபிடித்தது.

முதல்வர் உடனே பாராட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்தார். கருவிக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் நன்கொடை கொடுத்த மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை பேட்டரிக் கம்பெனி முதலாளி சிறப்பு விருந்தினர். எனக்கோ வேறு கவலை. மேடையேறிச் சொன்னபிறகு தப்பென்று ஆனால், மகளுடைய பட்டம் என்னாவது?

விழாவுக்கு முந்தின நாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் டப்பாவைத் திறக்கும்போது கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கீச்சிட்டது. திரையில் ஏழு, எட்டானது, பிறகு ஒன்பது. கரண்ட் வந்ததும் நின்றுவிட்டது.

“ஏம்மா, கரண்ட் போனாத்தான் உன் சிதைவு வருமா?”

“நீங்க வேற, சும்மா இருங்கப்பா,” என்றவள், இன்வெர்ட்டர் ஓடிய நேரங்களோடு ஏழையும் ஒப்பிட்டாள். ஏழும் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் வந்திருந்தன. பழைய பதிவுகளில் எல்லாம் கரண்டின் மெல்லிய இரைச்சல் கலந்திருந்தது. அவள் வரைந்தவற்றில் அது இல்லை; பேட்டரியில் ஓடும்போதும் இல்லை. இரைச்சல் இல்லாததெல்லாம் அபூர்வம் என்று கணினி படித்துவிட்டிருந்தது.

“பேனர் அடிச்சாச்சும்மா, சால்வை வாங்கியாச்சு,” என்றார், விஷயத்தைக் கேட்ட முதல்வர். “கரண்ட் இல்லாதப்ப கண்டுபிடிச்சதுன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமே? அது இன்னும் பெரிய சாதனைதானே?”

“நான் பூஜ்யம்னுதான் பேசுவேன் சார்.”

“பூஜ்யத்துக்கு யாராவது சால்வை போடுவாங்களா?”

பூஜ்யம் என்றே பேசினாள். முன்வரிசையில் பதினொரு பேர் கைதட்டினார்கள். அதில் நாலு பேர் அப்போதுதான் விழித்தவர்கள். சால்வை பேட்டரி முதலாளியின் தோளுக்குப் போனது. “நம்ம பேட்டரில ஓடுனப்ப ஒம்போது வந்துச்சாமே!” என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மகள் இரைச்சலையும் சேர்த்து வரைந்து, கணினிக்கு முதலிலிருந்து பாடம் நடத்தினாள். ஒரு சிதைவும் தேறவில்லை. தேர்வாளர்கள் அதற்கே பட்டம் கொடுத்தார்கள். முதல்வருக்குத்தான் மனசு ஆறவில்லை. கரண்ட் போனதும் அவர் மாடிப்படிக்குக் கீழே போய் எட்டிப் பார்ப்பதை நானே மூன்று முறை பார்த்திருக்கிறேன்.