ஆனிக் காற்றில் ஐந்தாவது பவுல்

ஆனிக் காற்று இறங்கிவிட்டால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பாஸ்கட்பால் வேறு ஆட்டமாகிவிடும். தூரத்திலிருந்து எறியும் பந்தைக் காற்று வளைத்து போர்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். அதனால் இரண்டு அணிக்காரர்களும் ரிங்குக்கு அடியில் நிற்கும் உயரமான ஆளிடமே பந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவன் ரிங்குக்கு முதுகைக் காட்டி நிற்பான். தடுப்பவன் அந்த முதுகோடு ஒட்டி நிற்பான். போஸ்ட் என்று சொல்லும் அந்த இடத்தில்தான் நடுவரின் கண் இருக்க வேண்டும்.

அங்கே உரசல் இருந்தே தீரும். உரசியதற்கெல்லாம் விசிலடித்தால் ஆட்டம் நடக்காது. பந்து வைத்திருப்பவனை அவன் பிடித்த இடத்திலிருந்து தள்ளினார்களா என்பதுதான் கேள்வி. நெஞ்சு பட்டால் விட்டுவிடலாம். கையோ இடுப்போ முட்டியோ தள்ளி அவன் பாதம் நகர்ந்துவிட்டால் பவுல். விழுகிறவர்கள் எல்லோரும் தள்ளப்பட்டவர்கள் இல்லை. அதனால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பேன்.

கல்லூரி முடித்து, நடுவர் தேர்விலும் தேறி வந்த முதல் வருடம் அது. எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அண்ணன் சின்ன வயதிலேயே கூடலூரிலிருந்து ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு உரமூட்டை சுமக்கப் போனான். சாயங்காலங்களில் மைதானத்தில் நின்று பார்த்தே ஆட்டம் பழகியவன். அந்த வருடம் தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் தங்கள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். எடுத்தால் மில்லிலேயே வேலை. எங்கள் ஊர்ப் போட்டியில் அண்ணன் அணி ஆடும் இறுதி ஆட்டத்தைப் பார்க்க மில்லிலிருந்து ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"உள்ள போயிட்டா நிழல்ல வேலைடா" என்று அண்ணன் அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மதுரையிலிருந்து வரவேண்டிய நடுவர் பஸ் கிடைக்கவில்லை என்று பூத்திலிருந்து போன் செய்தார். போட்டி நடத்துகிறவர்கள் என்னை ஊதச் சொன்னார்கள்.

"ஆடுறது எங்கண்ணன். நான் ஊதுனா சரியா இருக்காதுண்ணே" என்றேன்.

எதிரணிக் கேப்டன் சிரித்தான். "ஊதட்டும்ணே. வீட்ல அண்ணன் சொல்றதக் கேக்குறவரு, இங்கனயாச்சும் அண்ணனக் கேக்க வைக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான்.

அவன் தடுக்க வேண்டியது ஒரு கம்பத்துப் பையனை. ஒல்லி, விழுவதில் கெட்டிக்காரன். முதல் பாதியில் அவன் விழுந்தபோதெல்லாம் நான் ஊதவில்லை. அண்ணன் அசையாமல்தான் நின்றிருந்தான்.

"ஏலே நடுவரு! வீட்ல ஒனக்குச் சோறு போடுறது யாருலே?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அண்ணன் சம்பளத்தில்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பகுதி தொடங்கும்போது அண்ணன் பேரில் நான்கு பவுல் ஆகியிருந்தது. ஐந்தானால் வெளியே. ஒல்லிப் பையன் பந்தை வாங்கி முதுகால் அழுத்தினான். அண்ணன் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினான். பிறகு அவனுடைய வலது முட்டி மடங்கி, பையனின் தொடைக்குப் பின்னால் போய் முட்டியது. பையனின் பாதம் நகர்ந்தது. இந்தத் தடவை அவன் விழவில்லை.

விசிலடித்தேன்.

பவுல் செய்தவன் தானாகவே கையைத் தூக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் தூக்கவில்லை.

"முட்டியா?"

"ஆமாண்ணே."

வெளியே போய்த் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்தான். ஆட்டம் முடிந்ததும் மில்காரர் ஒல்லிப் பையனைக் கூப்பிட்டுப் பேசினார். அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்தான். "ஏலே, வா. முதுகக் காட்டி நில்லு."

வாசலில் நின்றேன். அவன் நெஞ்சு என் முதுகில் பட்டது. ஒல்லிப் பையனைப் போலவே நானும் பின்னால் அழுத்தினேன். கொஞ்ச நேரம் தாங்கினான். மூச்சைப் பிடிப்பது கேட்டது. அப்புறம் இடுப்பு இளகி, முட்டி என் தொடையில் வந்து ஊன்றியது. என் கால் நகர்ந்துவிட்டது.

"இதுவா?"

"இதுதாண்ணே."

"நானா வைக்கலடா. இடுப்பு நிக்க மாட்டேங்குது. முட்டிய ஊனலைன்னா விழுந்துருவேன்."

"எப்ப இருந்துண்ணே?"

"போன மழையில மூட்டையோட சறுக்குனதுல இருந்து. மில்லுல தெரிஞ்சா எடுக்க மாட்டாகன்னு யார்ட்டயும் சொல்லல." பிறகு கேட்டான்: "அப்பயும் பவுலுதான?"

வேறு ஒரு சொல் கிடைக்குமா என்று பார்த்தேன்.

"பவுலுதாண்ணே."

இருட்டத் தொடங்கிய தெருவில் அண்ணன் வலது கையை மேலே தூக்கினான். ஸ்கோர் எழுதுகிறவர் பார்க்கட்டும் என்பது போலச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தான்.

"தட்டுல சோத்த வச்சுட்டு ரெண்டு பேரும் அங்கன என்னடா செய்யுறீக?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

மறுநாள் விடியுமுன் ஜீப் ஹாரன் அடித்தது. தோளுக்குப் போடும் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு அண்ணன் போனான். அவன் ஜீப்பில் ஏறுவதை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். கம்பியைப் பிடித்து, வலது முட்டியைப் படியில் ஊன்றி, அதன் பிறகுதான் உடம்பை மேலே தூக்கினான். உள்ளே இருந்தவர்கள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.