சோப்புத் தடவிய வில்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஸ்டீமக்கா என்று பெயர். இருபத்தாறு வருஷமாகப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் விட்டு எடுத்து மடித்தவள். விரல் நுனிகள் காய்ப்பு ஏறி மரத்துப் போயிருந்தன. ஐம்பத்தொரு வயதில் அவள் ஒரு வயலினோடு வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் டிவியின் சத்தத்தைக் கூடக் குறைக்கவில்லை.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான்."

"நல்லா இருக்கு போ. தலை நரைச்ச பிறகுதான் தாளமும் சுதியும் கேக்குதா?"

காரணத்தை அவள் சொல்லவில்லை. ஒருநாள் குழந்தைகள் வார்டுக்கு விரிப்பு கொண்டுபோனபோது, யாரோ ஒரு பெண் அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்தாள். ஸ்டீமக்கா தள்ளுவண்டியை விட்டுவிட்டு நின்றுவிட்டாள். மேற்பார்வையாளர் வந்து கத்திய பிறகுதான் நகர்ந்தாள். இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

செருப்புக்கடை மாடியில் சனிக்கிழமை தோறும் வகுப்பு. கூடப் படித்த பதினோரு பேரும் பள்ளிப் பிள்ளைகள். மரத்த விரலுக்குத் தந்தி இருக்கும் இடம் தெரியாது. குனிந்து பார்த்தால்தான் உண்டு. "கையைப் பாக்காதீங்கம்மா, காதால கேளுங்க" என்பார் வாத்தியார். தன்மையான மனுஷன், குரலை உயர்த்தியதே கிடையாது. வீட்டில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவாள். "அத்தை, உள்ள பூனை ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்று மாப்பிள்ளை கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

இரண்டாம் வருஷ முடிவில் மேடை நிகழ்ச்சி. கணவர், மகள், மாப்பிள்ளை மூன்று பேரையும் கெஞ்சி அழைத்துப் போனாள். மேடைக்குப் பின்னால் வாத்தியார், "வில்லைக் குடுங்கம்மா, நானே சரிபண்ணித் தரேன்" என்று வாங்கிப் போய்த் திருப்பித் தந்தார்.

முதல் பாட்டில் வில்லை இழுத்தாள். சத்தமே வரவில்லை. கண்ணாடி மேல் ஓடுவதுபோல வில் வழுக்கியது. அழுத்திப் பார்த்தாள். ஊஹூம். சுற்றிலும் பதினோரு வயலின்கள் ஒரே குரலாக எழுந்தன. நடுவில் நின்றுகொண்டு நிறுத்தவும் முடியாது. கை தன்பாட்டுக்குப் போய் வந்தது. பாட்டு முடிந்து கைதட்டும்போது வில்லின் மயிரை விரலால் தடவி மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு. அவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னும் மூன்று பாட்டுகள் அப்படியே வாசித்தாள்.

திரை விழுந்ததும் நேரே வாத்தியாரிடம் போனாள்.

"சார், சோப்பா தடவினீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "பிள்ளைங்க ரெண்டு வருஷமா உழைச்சிருக்காங்கம்மா. கெட்டுடக் கூடாதில்ல. சொன்னா உங்க மனசு நோகுமேன்னுதான்..."

"நானும் அதே ரெண்டு வருஷந்தான் சார்."



வெளியே மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "கலக்கிட்டம்மா!" கணவர் தொண்டையைச் செருமினார். "நான் என்னமோன்னு நெனச்சேன். உன் சத்தம் தனியாத் தெரிஞ்சுது தெரியுமா?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அவள் தலையை ஆட்டினாள்.

அதன்பின் வகுப்புக்குப் போகவில்லை. வாத்தியார் ஊரை விட்டே போய்விட்டார் என்று வீட்டில் ஒரு பொய் சொன்னாள். மகள் மேடைப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். கழற்றச் சொன்னால் ஏனென்று சொல்ல வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் கணவர், "நம்ம வீட்டம்மாதான், மேடைக் கலைஞராக்கும்" என்று காட்டுவார். ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னால் "தோள் வலிக்குது" என்று உள்ளே போய்விடுவாள்.

வில்லுக்குப் புது மயிர் போட்டு வைத்திருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லாதபோது எடுப்பாள். மூன்றாவது விரல் இன்னமும் தப்பான இடத்தில்தான் விழுகிறது. முன்பெல்லாம் அந்தத் தப்பு அவளுக்குக் கேட்காது. இப்போது நன்றாகவே கேட்கிறது. வாசல் கதவு கிறீச்சிட்டதும் பெட்டியை மூடிவிடுவாள்.